ஹைபிரிட் பிரேக்: "இது அப்படித்தான் சார்" என்றார்கள், இப்போது ரீகால் கடிதம் வந்திருக்கிறது

மழைநகரம் | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன்.

சியாட்டில்ல இருக்கேன். ஒரு பிளக்-இன் ஹைபிரிட் வச்சிருக்கேன், பெட்ரோல் இஞ்சினும் பிளக் போட்டு சார்ஜ் பண்ற மோட்டாரும் சேர்ந்த வண்டி. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. சொன்னா இழை முழுக்க அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதான்னே ஓடிடும்.

போன நவம்பர்ல ஒரு சாயங்காலம், தூறல். பல்லார்ட் பாலத்துல வந்துட்டிருந்தேன். படகு போறதுக்காக நடுப்பகுதியைத் தூக்குற பாலம் அது. அந்தத் தூக்குற பகுதியில தாரும் கிடையாது, கான்கிரீட்டும் கிடையாது, வெறும் இரும்பு வலைதான். டயர் ஏறினதும் ஒரு ரீங்காரம் வரும். முன்னாடி போன வண்டியோட விளக்கு சிவந்தது, நானும் மெதுவா பிரேக்ல கால் வச்சேன். 40 கிமீ வேகம் இருக்கும். வண்டி அழகா வேகம் குறைஞ்சிட்டு வந்துச்சு. திடீர்னு ஒரு கணம் பிடி விட்டுப் போச்சு. இருட்டுல மாடி இறங்கும்போது கடைசிப் படின்னு நினைச்சுக் கால் வச்சா இன்னும் ஒரு படி இருக்குமே, அந்த மாதிரி வயித்தைக் கலக்கிடுச்சு. அடுத்த நொடியே பிடிச்சிடுச்சு. முன் வண்டிக்கும் எனக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்தா அதிகம். பின் சீட்ல இருந்த பொண்ணு, "ஏம்ப்பா இப்படி ஓட்டுற?"ன்னா.

மறுநாளே டீலர்கிட்ட விட்டேன். ரெண்டு மணி நேரம் வச்சுப் பார்த்துட்டு, பேடு, டிஸ்க், பிரேக் ஆயில் எல்லாமே சரியா இருக்கு, கோளாறு எதுவும் தென்படலைன்னாங்க. ஹைபிரிட்ல பெடல் ஃபீல் கொஞ்சம் அப்படித்தான் இருக்குமாம், பழகிடுமாம். வீட்ல, "நீங்க லேட்டா மிதிச்சிருப்பீங்க"ன்னாங்க. போகப் போக நானே அதை நம்ப ஆரம்பிச்சிட்டேன்.

அஞ்சு மாசம் கழிச்சு இப்ப தபால்ல ரீகால் கடிதம் வந்திருக்கு. பிரேக் கன்ட்ரோல் சாஃப்ட்வேர்ல குறை, குறிப்பிட்ட சூழ்நிலையில பிரேக் பிடிக்கும் விசை சற்று நேரம் குறையலாம், இலவசமா சரி செஞ்சு தர்றோம்னு எழுதியிருக்காங்க. எனக்கு மூணு கேள்வி. அன்னைக்கு எனக்கு நடந்தது இதுதானா? வெறும் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு ஏன் இவ்வளவு பெரிய கடிதம்? அப்பாயின்ட்மென்ட் 3 வாரம் கழிச்சுத்தான் கிடைச்சிருக்கு, அதுவரைக்கும் ஓட்டலாமா?

ரெண்டாம்கியர் | செவ்வாய், இரவு 10.05

ரெண்டாவது கேள்விக்கு என் பதில்: சட்டத்துக்காக அனுப்புற கடிதம் ப்ரோ. வண்டிய ஒண்ணும் பிரிக்கப் போறதில்லை. ஒரு ஒயரைச் சொருகுவாங்க, அரை மணி நேரத்துல ஏத்திடுவாங்க. இதுக்குப் போய் ரீகால்னு பேர் வச்சு ஜனங்களைப் பயமுறுத்துறாங்க.

கிரீஸ்கை | செவ்வாய், இரவு 11.20

ரெண்டாம்கியர் தம்பி, நான் 26 வருஷமா பிரேக் வேலை பாக்குறேன். பேடு தேஞ்சிருந்தா கையில எடுத்துக் காட்டுவேன். வீல் சிலிண்டர் லீக்னா டயர் உள்பக்கம் நனைஞ்சிருக்கும், கஸ்டமரையே குனிஞ்சு பாக்கச் சொல்வேன். பிரேக் போறதுக்கு முன்னாடியே பெடல் கீழ போகும், கீச்சுன்னு சத்தம் வரும், வண்டி ஒரு பக்கமா இழுக்கும். ஏதோ ஒண்ணு சொல்லிட்டுத்தான் போகும்.

சாஃப்ட்வேர் கோளாறுல எதை எடுத்துக் காட்ட? அதனாலதான் அந்த டீலர் "ஒண்ணும் இல்லை"ன்னுட்டான். பொய் சொன்னான்னு நான் சொல்லலை. அவன் கண்ணுக்கு நிஜமாவே ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

பெடல்பொறி | புதன், காலை 6.50

பிரேக் கேலிப்ரேஷன், அதாவது பிரேக் எப்போ எவ்வளவு பிடிக்கணும்னு அளவு வைக்கிற வேலைதான் 11 வருஷமா என் பிழைப்பு. மழைநகரம் சார், உங்களுக்கு நடந்தது இதேதான்னு இங்க உட்கார்ந்து அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஈரம், இரும்பு வலை, லேசான மிதி, நடுத்தர வேகம், இந்த நாலையும் சேர்த்துச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

சாதாரணக் கார்ல மிதிச்சா கால் அழுத்தம் பூஸ்டருக்கும், அங்கிருந்து மாஸ்டர் சிலிண்டருக்கும், அப்புறம் ஆயில் வழியா, பேடை டிஸ்க்ல அழுத்திப் பிடிக்கிற காலிப்பருக்கும் போகும். ஹைபிரிட்ல லேசா மிதிக்கும்போது பேடுக்கு அநேகமா வேலையே இருக்காது. மோட்டாரே ஜெனரேட்டரா மாறி சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும், அந்த மின்சாரம் பேட்டரிக்குப் போகும். இதைத்தான் ரீஜென்னு சொல்றோம். இன்னும் அழுத்தினா ஆயில் பிரேக்கும் கூடச் சேரும். எவ்வளவு மோட்டார், எவ்வளவு ஆயில்னு பங்கு பிரிக்கிறது சாஃப்ட்வேர். நிறைய வண்டிகள்ல உங்க காலுக்குத் தெரியற அந்த எதிர்ப்புகூட ஒரு ஸ்பிரிங் அமைப்பு தர்றதுதான். காலிப்பர்ல என்ன நடக்குதுன்னு காலுக்குத் தெரியவே தெரியாது.

இப்ப ஒரு சக்கரம் வழுக்குது. ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்கற அமைப்பு, உள்ள வந்து அந்த ஒரு சக்கரத்தை மட்டும் விட்டு விட்டுப் பிடிக்கணும், நொடிக்குப் பல தடவை. மோட்டாருக்கு அந்த வித்தை தெரியாது. அது ரெண்டு சக்கரத்தோடயும் சேர்ந்து கட்டுண்டு கிடக்கு. அதனால சாஃப்ட்வேர் முதல் வேலையா ரீஜெனை விலக்கிட்டு முழுப் பொறுப்பையும் ஆயில் பிரேக்குக்குக் கொடுக்கும்.

கல்யாண வீட்ல ரெண்டு பேர் சாம்பார் அண்டாவைக் கைமாத்தறதைப் பார்த்திருப்பீங்க. இவர் "பிடிச்சியா?"ன்னு கேட்டு, அவர் "பிடிச்சிட்டேன்"னு சொன்ன பிறகுதான் விடணும். கேக்காம விட்டா அண்டா அரை அடி இறங்கிட்டுத்தான் நிக்கும். மோட்டார் விட்டுடுச்சு, ஆயில் அழுத்தம் இன்னும் அந்த அளவுக்கு ஏறலை. அந்த இடைவெளிதான் உங்க வயித்தைக் கலக்கினது. 40 கிமீ வேகத்துல ஒரு நொடிக்கு வண்டி 11 மீட்டர் போகும். அரை நொடின்னா ஐந்தரை மீட்டர், ஒரு கார் நீளத்துக்கு மேல.

கிரீஸ்கை அண்ணன் சொன்னதோட இன்னொண்ணையும் சேர்த்துக்கணும். இந்த மாதிரி நேரத்துல ஃபால்ட் கோடு (வண்டி தானே குறிச்சு வைக்கிற கோளாறுக் குறியீடு) பதிவாகலைன்னாலும் ஆச்சரியம் இல்லை. தன் கணக்குப்படி சாஃப்ட்வேர் எல்லாத்தையும் சரியாத்தானே செஞ்சிருக்கு? கணக்கே தப்புங்கறது அதுக்கு எப்படித் தெரியும்? ஸ்கேனரைச் சொருகினா பச்சையாத்தான் காட்டும்.

மூணாவது கேள்விக்கு: "ஓட்ட வேண்டாம்"னு கடிதத்துல எங்கயாவது எழுதியிருக்கான்னு முதல்ல பாருங்க. சில ரீகால்ல அப்படியே எழுதியிருப்பாங்க, அப்ப கண்ணை மூடிட்டு நிறுத்திடணும். அப்படி இல்லைன்னா இடைவெளி அதிகம் விட்டு ஓட்டுங்க. திரும்பவும் அப்படி ஆச்சுன்னா காலை எடுக்காம இன்னும் அழுத்தி மிதிங்க. பதறிப்போய் விட்டு விட்டு மிதிக்காதீங்க.

மழைநகரம் | புதன், காலை 7.30

அண்டா கதையைப் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன், "அப்ப அப்பா மேல தப்பில்லையா?"ன்னு கேட்டா. இந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு நன்றி சார்.

கடிதத்தை மறுபடி வாசிச்சேன். ஓட்டாதேன்னு எழுதலை.

நகோயாநினைவு | புதன், பகல் 1.15

"பெடல் ஃபீல் அப்படித்தான் இருக்கும்" என்ற வரியைப் பார்த்ததும் 2010 நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது நான் நகோயாவில் வேலையில் இருந்தேன். டொயோட்டாவின் சொந்த மண். தேநீர் இடைவேளையில்கூட இதே பேச்சுத்தான்.

டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸின் மூன்றாம் தலைமுறை 2009 மே மாதம் ஜப்பானில் வந்தது. வந்த வேகத்திலேயே அங்கே அதிகம் விற்கும் கார் ஆனது. குளிர்காலம் தொடங்கியதும் புகார்கள் வர ஆரம்பித்தன. பனி உறைந்த சாலையிலும் மேடுபள்ளத்திலும் பிரேக் ஒரு கணம் விட்டுப்போகிறது என்றார்கள். மேலே பெடல்பொறி எழுதியதை அப்படியே அங்கே பொருத்திக்கொள்ளலாம்: ஏபிஎஸ் வேலை செய்யும்போது ரீஜெனிலிருந்து ஆயில் பிரேக்குக்கு மாறும் இடம். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் என்எச்டிஎஸ்ஏ பிப்ரவரி முதல் வாரத்தில் முறையான விசாரணையைத் தொடங்கியபோது கையில் இருந்தவை 124 புகார்கள். அவற்றில் நான்கில் விபத்து நடந்ததாகச் சொல்லப்பட்டிருந்தது.

நிறுவனத்தின் முதல் பதில்தான் கவனிக்க வேண்டியது. இது ஓட்டுபவரின் உணர்வைப் பொறுத்த விஷயம், அழுத்தி மிதித்தால் வண்டி நிற்கும் என்ற தொனியில் ஒரு மூத்த அதிகாரி பேசினார். வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்க்கவில்லை என்று அன்றைய ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சர் செய்ஜி மாயெஹாரா வெளிப்படையாகவே குறை சொன்னார். இதற்கிடையே இன்னொன்றும் தெரியவந்தது. ஆலையிலிருந்து வெளியே வரும் புது வண்டிகளில் ஜனவரியிலேயே ஏபிஎஸ் சாஃப்ட்வேரை மாற்றிவிட்டார்கள். புதிதாக வாங்குபவருக்குத் திருத்திய கணக்கு, ஏற்கெனவே வாங்கியவருக்கு "பழகிவிடும்".

பிப்ரவரி 9 அன்று ரீகால் அறிவித்தார்கள். உலகம் முழுவதும் ஏறக்குறைய 4,37,000 வண்டிகள், அதில் பாதிக்கு மேல் ஜப்பானிலேயே. பிரியஸ் மட்டும் இல்லை, லெக்சஸ் எச்எஸ்250எச், டொயோட்டா சாய் போன்ற ஹைபிரிட்களும் உண்டு. ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கும் விவகாரத்தில் நிறுவனம் ஏற்கெனவே அடி வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த மாதக் கடைசியில் நிறுவனத் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய் உட்கார்ந்தார். எங்கள் அலுவலகத்தில் ஒரு ஜப்பானியப் பெரியவர் டிவியை அணைத்துவிட்டு எதுவும் பேசாமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ரெண்டாம்கியர் | புதன், பகல் 2.00

> அழுத்தி மிதித்தால் வண்டி நிற்கும்

இதுல பொய் என்ன இருக்கு? நிக்கத்தானே செஞ்சது? ஒரு நொடிக்கும் குறைவான தாமதம். அப்ப ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார் கம்பெனி அமெரிக்க அரசாங்கத்து கையில இருந்துச்சு, டொயோட்டாவைப் போட்டு மிதிச்சாங்க. அரசியல்தான். அதே வாரம் ஃபோர்டு ஹைபிரிட்லயும் இதே மாதிரி வந்துச்சே, அதுக்கு ஏன் சத்தம் இல்லை?

நகோயாநினைவு | புதன், பகல் 2.40

ஃபோர்டு விஷயம் உண்மை. ஃப்யூஷன் ஹைபிரிட், மெர்குரி மிலன் ஹைபிரிட் இரண்டும் சேர்த்து சுமார் 17,600 வண்டிகள். சில நேரம் ரீஜெனை விட்டு முழுக்க ஆயில் பிரேக்குக்கு மாறும், அப்போது பெடல் வேறு மாதிரி இருப்பதால் பிரேக்கே போய்விட்டது என்று ஓட்டுபவர் நினைத்துவிடுகிறார் என்றது ஃபோர்டு. சாஃப்ட்வேரையும் இலவசமாக மாற்றிக் கொடுத்தது. ஆனால் ரீகால் என்ற பெயரில் இல்லை, வாடிக்கையாளர் திருப்தித் திட்டம் என்ற பெயரில். அரசியல் இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். 17 ஆயிரத்துக்கும் 4 லட்சத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெடல்பொறி | புதன், மாலை 4.10

ரெண்டாம்கியர், "நின்னுச்சே"ங்கறது எங்க தொழில்ல பதிலே இல்லைங்க. ஓட்டுறவர் மனசுல ஒரு கணக்கு இருக்கு: இவ்வளவு மிதிச்சா இவ்வளவு தூரத்துல நிக்கும்னு. வண்டி பாதி வழியில அந்தக் கணக்கை மாத்தினா, அவர் அதை உணர்ந்து, இன்னும் மிதிக்கணும்னு முடிவு பண்ணி, கால் அழுத்தறதுக்கே முக்கால் நொடி ஒரு நொடி போயிடும். வண்டியோட தாமதத்தோட மனுஷனோட தாமதத்தையும் கூட்டிக்கணும். அழுத்தி மிதிக்கச் சொல்றது அவசரத்துக்குச் சரியான அறிவுரை, நானும் காலையில அதைத்தான் சொன்னேன். குறையை நியாயப்படுத்த அதையே எடுத்துக்கிட்டா ஒத்துக்க முடியாது.

தொப்பூர்க்காரன் | புதன், இரவு 8.30

டொயோட்டா பழைய கதைங்க. போன வருஷம், 2025ல, வால்வோவுக்கு வந்ததைப் பாருங்க. எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

வண்டிக்கு ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் போச்சு, பதிப்பு 3.5.14. அது ஏறின வண்டியில, பிளக்-இன் ஹைபிரிட்னா 'பி' மோடுல, முழு எலக்ட்ரிக்னா ஆக்சிலரேட்டரை விட்டாலே வேகம் குறையற ஒத்தைப் பெடல் மோடுல, இறக்கத்துல பெடலைத் தொடாம 1 நிமிஷம் 40 விநாடி உருள விட்டு, அதுக்கப்புறம் பிரேக்கை மிதிச்சா பிரேக் மொத்தமாவே வேலை செய்யாமப் போகலாம்னு கண்டுபிடிச்சாங்க. கொஞ்சம் குறையுதுன்னு இல்லைங்க, மொத்தமா. அமெரிக்காவுல 11,469 வண்டி. சரி செய்யற வரைக்கும் அந்த மோடையே தொடாதீங்கன்னு என்எச்டிஎஸ்ஏ தனியா எச்சரிக்கை விட்டுச்சு.

எங்கப்பா லாரி ஓட்டினவர். தொப்பூர் கணவாய்ல நீள இறக்கம், எத்தனை லாரி அங்க சாய்ஞ்சிருக்குன்னு சேலம், தருமபுரிக்காரங்களைக் கேளுங்க. அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்த முதல் பாடமே, "ஏறின கியர்லயே இறங்கு, பிரேக்கைக் காய வைக்காதே"தான். இஞ்சின் பிடியில இறக்கி, பிரேக்கைக் கடைசிக்கு மிச்சம் வைக்கணும். 'பி' மோடுங்கறது அதே பாடம்தானுங்க, மோட்டார் பிடியில இறங்கறது. அதாவது முறையா இறங்கத் தெரிஞ்சவனைத்தான் அந்தக் கோளாறு தேடிப் புடிச்சிருக்கு. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு இறங்கற அவசரக்குடுக்கைக்கு ஒண்ணும் ஆயிருக்காது!

கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, அங்க 100 விநாடி பிரேக்கைத் தொடாம இறங்கவே முடியாது, வளைவுக்கு வளைவு மிதிச்சாகணும். தொப்பூர் மாதிரி நேரா, நீளமா இறங்கற ரோடுதான் இதுக்கு வாகான இடம். யாரு டெஸ்ட் பண்ணினாங்களோ, அவங்க ஊர்ல மலை இல்லையா?

பெடல்பொறி | புதன், இரவு 9.15

மலை இருக்கும். 100 விநாடி இருந்திருக்காது. ஒரு சோதனை ஓட்டம் 60 விநாடின்னு எழுதி வச்சிருந்தா 61வது விநாடியில என்ன நடக்கும்னு யாருக்கும் தெரியாது. அங்க அப்படித்தான் நடந்துச்சுன்னு சொல்ல வரலை, எங்க வேலையில இது தினசரி பயம். அதைவிட முக்கியமா ஒண்ணு இருக்கு: ஆலையை விட்டு வரும்போது அந்த வண்டியில இந்தக் குறை இல்லை. பிற்பாடு போன அப்டேட்டோட வந்தது. அப்டேட் பண்ணினா சரியாயிடும்னு சொல்றவங்க, அப்டேட்டாலயே கெட்டுப் போகலாம்ங்கறதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஒயர்மேன் | புதன், இரவு 10.50

ரெண்டு பக்கமும் இருக்கு நண்பர்களே. 2018 மே மாசம் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ்க்காரங்க டெஸ்லா மாடல் 3 ஓட்டிப் பார்த்தாங்க. மணிக்கு 60 மைல் வேகத்துல இருந்து நிக்க 152 அடி ஆச்சு, வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்க முடியாதுன்னு எழுதிட்டாங்க. சில நாள்ல டெஸ்லா காத்து வழியா, அதாவது இணைய இணைப்புலயே, ஏபிஎஸ் கணக்கை மாத்தி அனுப்புச்சு. அதே வண்டியைத் திரும்ப ஓட்டினா 133 அடி. ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொடலை, 19 அடி குறைஞ்சிடுச்சு.

முதல்ல படிச்சப்ப கைதட்டினேன். அப்புறம்தான் உறைச்சது: ராத்திரி நான் தூங்கும்போது 19 அடி குறையும்னா, இன்னொரு ராத்திரி 19 அடி கூடவும் செய்யலாமே!

ஆனதும் உண்டு. 2021 அக்டோபர் 23, டெஸ்லாவோட தானோட்டி சாஃப்ட்வேரின் சோதனைப் பதிப்பு, எஃப்எஸ்டி பீட்டா 10.3, அனுப்பினாங்க. சில வண்டிகள்ல எதிர்ல ஒண்ணுமே இல்லாம மோதல் எச்சரிக்கை அடிச்சு, அவசர பிரேக் தானா விழுந்துச்சு. உடனே பழைய பதிப்புக்குத் திருப்பிட்டு, கொஞ்ச நாள்ல 11,704 வண்டிக்கு முறையா ரீகால் தாக்கல் பண்ணினாங்க. அப்ப அநேகமா எல்லா வண்டியிலயும் திருத்தம் ஏற்கெனவே போயிருந்துச்சு, யாரும் எங்கயும் வண்டியைக் கொண்டு போகலை. அப்புறமும் எதுக்கு ரீகால்? ரெண்டாம்கியர் கேட்ட அதே கேள்விதான். 2023ல எலான் மஸ்க்கே, காத்து வழியா போற அப்டேட்டுக்கு ரீகால்னு பேர் வைக்கிறது காலத்துக்கு ஒவ்வாததுன்னு எழுதினாரு.

பதில் அதே 2021 அக்டோபர் 12ல என்எச்டிஎஸ்ஏ டெஸ்லாவுக்கு அனுப்பின கடிதத்துல இருக்கு. வேற ஒரு அப்டேட் விஷயம்: நிக்கிற ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி விளக்கை ஆட்டோபைலட் கண்டுக்கற மாதிரி செப்டம்பர்ல சத்தமில்லாம மாத்தியிருந்தாங்க. பாதுகாப்புக் குறையைச் சரி செய்யற அப்டேட்னா அதை ரீகாலா அறிவிக்கணும், நீங்க ஏன் அறிவிக்கலைன்னு கேட்டிருந்தாங்க. வண்டி எங்கயும் போக வேண்டியதில்லைதான். ஆனா குறை இருந்துச்சுன்னு எழுத்துல ஒத்துக்கணும்.

கிரீஸ்கை | வியாழன், காலை 8.00

அதான் பாயின்ட்டு. பேடு மாத்தினா பழைய பேடு என் குப்பைத் தொட்டியில கிடக்கும், சாட்சி. சாஃப்ட்வேர் மாத்தினா பழசு அழிஞ்சே போச்சு. பேப்பர்ல எழுதி வைக்கலைன்னா அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே யாரும் நம்ப மாட்டான். மழைநகரம் சார் வீட்ல நம்பலை பாத்தீங்களா?

பனிவிழுது | வியாழன், காலை 9.20

வணக்கம், நான் டொரொண்டோவில இருந்து. நகோயா அண்ணைக்கு ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்தில எங்கட மச்சானிட்ட ஒரு பிரியஸ் நிக்குது. ஜப்பானில ஓடி, பிறகு ரீகண்டிஷன் எண்டு இலங்கைக்கு வந்த வாகனம். சேசிஸ் நம்பர் இசட்விடபிள்யு30 எண்டு தொடங்குது. நீங்கள் சொன்ன பிரியஸ் இதுதானே? கடிதம் வந்திருந்தாலும் அது ஜப்பானில முதல் வச்சிருந்த ஆளின்ர வீட்டுக்கெல்லோ போயிருக்கும்? மச்சானுக்கு ரீகால் எண்ட சொல்லே தெரியாது. இஞ்ச கனடாவில எண்டா இணையத்தில நம்பரை அடிச்சுப் பாக்கிறம், அங்க என்ன செய்யிறது?

நகோயாநினைவு | வியாழன், காலை 9.50

அதே தலைமுறைதான் தம்பி. ஜப்பான் உள்நாட்டு வண்டிகளுக்கு 17 இலக்க வின் எண் (வண்டியின் சர்வதேச அடையாள எண்) கிடையாது, இந்தச் சேசிஸ் எண்தான். டொயோட்டாவின் ஜப்பானியத் தளத்தில் ரீகால் பக்கம் இருக்கிறது, அந்த எண்ணைப் போட்டால் காட்டும். பக்கம் முழுக்க ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். எண்ணை இங்கே பொதுவில் போட வேண்டாம், தனிமடலில் அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

பனிவிழுது | வியாழன், இரவு 7.10

அண்ணை பாத்துச் சொல்லிட்டார். மச்சான்ர வாகனம் 2011 இல செய்தது, அதுக்கு முதலே ஆலையில ஏபிஎஸ் சாஃப்ட்வேரை மாத்திட்டாங்கள், அதால 2010 ரீகாலுக்குள்ள வராது. ஆனா 2014 இல வந்த இன்னொண்டு மிச்சம் கிடக்காம். உலகம் முழுக்க 19 லட்சம் பிரியசுக்கு வந்த ரீகால் அது. அதுவும் சாஃப்ட்வேர்தான், பிரேக் இல்லை, ஹைபிரிட் சிஸ்டம் ஓடேக்க நிண்டு போகலாமாம். மச்சானுக்கு போன் அடிச்சுச் சொன்னன். "இவ்வளவு வருசம் ஓடின காருக்கு இப்ப ஏன்டா வருத்தம் சொல்லுறாய்?" எண்டு எனக்குப் பேச்சு.

பெட்ரோல்பங்க் | வியாழன், இரவு 8.45

இந்தியாவுல இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா சார்?

நகோயாநினைவு | வியாழன், இரவு 9.30

இருக்கிறது. 2012 முதல் நிறுவனங்கள் தாங்களாக முன்வந்து செய்யும் ரீகால் முறை இருந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், ரீகால் செய்ய உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கு வந்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன, கட்டாய ரீகாலுக்கு அபராதம் 1 கோடி ரூபாய் வரை போகலாம். வாகன உரிமையாளர் நேரடியாகப் புகார் பதிவதற்கு அரசின் வாகன் இணையதளத்தில் இடம் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாமல் அதையும் செய்யுங்கள்.

கிரீஸ்கை | வியாழன், இரவு 10.40

பழைய பென்ஸ் பத்தி யாருமே பேசலையே. 2000களின் தொடக்கத்துல வந்த இ-கிளாஸ், எஸ்எல். எஸ்பிசின்னு ஒரு பிரேக். பெடல் வெறும் சைகை கொடுக்கும், பம்ப்தான் அழுத்தம் கொடுக்கும். இன்னைக்குப் பேசற பிரேக்-பை-வயர் அப்பவே வந்தாச்சு. 2004ல 6,80,000 வண்டி ரீகால், மறுவருஷம் 13 லட்சம் வண்டியில பிரேக்கும் மத்த எலக்ட்ரிக் வேலையும் சேர்த்து ரீகால். அப்புறம் இ-கிளாஸ்ல இருந்து அந்த சிஸ்டத்தையே எடுத்துட்டு சாதா பிரேக்குக்குத் திரும்பிட்டாங்க.

அந்த வண்டியோட யூனிட் நாம எத்தனை தடவை பிரேக் மிதிச்சோம்னு எண்ணிட்டே இருக்கும். கணக்கு நிறைஞ்சதும் மீட்டர்ல ஒர்க்‌ஷாப்புக்குப் போன்னு எழுதும். பம்ப் நல்லாத்தான் ஓடும், ஆனாலும் எழுதும். பேடு மாத்தணும்னா முதல்ல ஸ்கேனர் போட்டு சிஸ்டத்தைத் தூங்க வைக்கணும். தூங்க வைக்காம காலிப்பர்ல கை வச்சிருக்கும்போது எவனாவது டிரைவர் கதவைத் திறந்தான்னா, வண்டி முழிச்சுக்கிட்டு தானாவே அழுத்தம் ஏத்திடும். அதனால பசங்களுக்கு நான் போட்ட சட்டம், சாவி என் பாக்கெட்ல, கதவை எவனும் தொடக் கூடாது. சாஃப்ட்வேர் பிரேக்கைப் பத்தி எனக்கு மரியாதை வந்தது அங்கதான். பயம்னும் வச்சுக்கலாம்.

ரெண்டாம்கியர் | வெள்ளி, காலை 7.15

சரி, ரீகால்ங்கற பேர் இருக்கட்டும், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. வால்வோவும் டெஸ்லாவும் சில வாரத்துல முடிச்ச வேலையை 2010ல ஒவ்வொரு வண்டியா டீலர்கிட்ட வரவழைச்சு செஞ்சாங்க. கடிதத்தைக் குப்பையில போட்டவங்க எத்தனை பேரோ. காத்து வழி அப்டேட் இல்லைன்னா யாழ்ப்பாணத்து மச்சான் கதைதான் எல்லாருக்கும். அதையும் யாராவது ஒத்துக்கங்க.

பெடல்பொறி | வெள்ளி, காலை 7.40

முழுசா ஒத்துக்கறேன்.

மழைநகரம் | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5.20

வேலை முடிஞ்சுதுன்னு சொல்ல வந்தேன். 50 நிமிஷம் ஆச்சு. பில்லுல "பிரேக் மாடியூல் மறு நிரலாக்கம், ரீகால், கட்டணம் இல்லை"ன்னு ஒரு வரி. பழைய பதிப்பு எண்ணையும் புதுப் பதிப்பு எண்ணையும் எழுதிக் கொடுங்கன்னேன். கவுன்டர்ல இருந்த பையன், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேன்னு உள்ள போய் மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வந்து, பேனாவால பில்லுலயே எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தான். நவம்பர்ல கொடுத்த "கோளாறு தென்படவில்லை" தாளோட சேர்த்துப் பின் பண்ணி வச்சிருக்கேன். நவம்பர் சம்பவத்தை என்எச்டிஎஸ்ஏ தளத்துலயும் தேதி, வேகம், பாலத்தோட பேர் எல்லாம் போட்டுப் பதிஞ்சிட்டேன். லேட்டுதான், பரவாயில்லை.

திரும்பி வரும்போது வேணும்னே பல்லார்ட் பாலம் வழியா வந்தேன். பொண்ணும் கூட இருந்தா. இரும்பு வலை மேல ஏறினதும் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டோம். பின்னால வண்டி இல்லைன்னு கண்ணாடியில பார்த்துட்டு லேசா மிதிச்சேன். சீரா நின்னுச்சு.

ஆனா இன்னைக்கு வெயில், வலை காஞ்சிருந்துச்சு. இந்த ஊர்ல மழைக்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம், பார்த்துட்டு எழுதறேன்.